ராபர்ட் பேர்ட்: 51 ஆண்டு செனட்டரும் அவர் பெயரில் நிற்கும் விதியும்

கேள்வி இதுதான்: 2010-இல் இறந்துபோன ராபர்ட் பேர்டின் பெயர், அமெரிக்காவில் பெரிய வரி மசோதா வரும்போதெல்லாம் ஏன் அடிபடுகிறது? அவர் அரசியலமைப்பின் காவலரா, கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பின் பழைய ஆளா, சொந்த மாநிலத்துக்கு அரசுப் பணத்தை வாரிக்கொண்டு போனவரா?

மூன்றும்தான். ஆனால் இந்த மூன்றையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் ஆள் பிடிபட மாட்டார். செனட்டின் நடைமுறை விதிகளை அவரளவுக்குக் கற்றவர் அவர் காலத்தில் வேறு யாரும் இல்லை. அந்தப் படிப்பை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார். கறுப்பர்களுக்கு உரிமை தரும் சட்டத்தைத் தடுக்கவும், மலைக்குள் நான்குவழிச் சாலை போடவும், அதிபர்களின் கையைக் கட்டவும் அவர் எடுத்த கருவி ஒன்றே.

பிறப்பு வளர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1917-இல் வட கரோலைனாவில் பிறந்தபோது அவர் பெயர் கொர்னேலியஸ் கால்வின் சேல். 1918 இன்ஃப்ளூயன்சா தொற்றில் தாய் இறந்தார். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வாழ்ந்த அத்தையும் மாமாவும் எடுத்து வளர்த்து, பெயரையும் மாற்றினார்கள். இறைச்சிக் கடையில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தளங்களில் வெல்டராக இருந்தார். 1946-இல் மாநில சட்டமன்றம், 1952-இல் பிரதிநிதிகள் சபை, 1958-இல் செனட். போட்டியிட்ட எந்தத் தேர்தலிலும் தோற்கவில்லை. 1959 ஜனவரி 3 முதல் 2010 ஜூன் 28 வரை செனட்டில் இருந்தார். அவ்வளவு காலம் அங்கே இருந்தவர் வேறு எவருமில்லை. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே பத்தாண்டுகள் இரவு வகுப்புகளில் சட்டம் படித்து 1963-இல் பட்டம் வாங்கினார்.

அதிகாரம் அவர் கைக்கு வந்த வழியைக் கவனிக்க வேண்டும். 1967-இல் ஜனநாயகக் கட்சி செனட்டர் குழுவின் செயலாளரானார். வெளியில் மதிப்பில்லாத, ஆனால் வேலை மிகுந்த பதவி. யார் எப்போது பேச வேண்டும், எந்த வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தால் எந்த செனட்டர் ஊருக்கு ரயில் பிடிக்க முடியும் என்பதையெல்லாம் சபையிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். கொறடா எட்வர்ட் கென்னடிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. 1969-இல் சாப்பக்விடிக்கில் கார் கவிழ்ந்து உடன் வந்த பெண் இறந்த விவகாரத்துக்குப் பிறகு அவர் பெயரும் தளர்ந்திருந்தது. 1971 ஜனவரி 21 அன்று நடந்த கொறடா தேர்தலில் பேர்ட் 31–24 என்று கென்னடியை வீழ்த்தினார். அன்று மருத்துவமனையில் சாகக் கிடந்த ஜார்ஜியா செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலின் பதிலி வாக்கு பேர்டிடம் இருந்தது. ரஸ்ஸல் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே தன் பெயரை முன்மொழியவிட்டார். அன்றே ரஸ்ஸல் இறந்தார். வாக்கை எண்ணிப் பார்க்காமல் களத்தில் இறங்காதவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1977 முதல் 1981 வரையும், மறுபடி 1987 முதல் 1989 வரையும் பெரும்பான்மைத் தலைவர். இடையில் ஆறு ஆண்டுகள் சிறுபான்மைத் தலைவர். 1978-இல் பனாமா கால்வாய் ஒப்பந்தங்கள் இரண்டும் 68–32 என்று தப்பிப் பிழைத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவை 67; ஒரே ஒரு வாக்குதான் உபரி.

இனி கேள்வியின் மையம்: பேர்ட் விதி.

செனட்டில் சாதாரண மசோதா எதையும் எதிர்க்கட்சி முடிவில்லாத விவாதத்தால் முடக்கலாம், அதுதான் ஃபிலிபஸ்டர். அதை உடைக்க 60 வாக்கு வேண்டும். 1974 பட்ஜெட் சட்டம் இதற்கு ஒரு விலக்கு வைத்தது. ரீகன்சிலியேஷன் என்ற அந்த வழியில் வரும் பட்ஜெட் மசோதாவுக்கு விவாதம் 20 மணி நேரம்தான். சாதாரணப் பெரும்பான்மை போதும். வழி திறந்ததும் எல்லோரும் அதில் நுழையப் பார்த்தார்கள். பட்ஜெட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களையும் மசோதாவுக்குள் செருகினார்கள். இப்படியே போனால் ஃபிலிபஸ்டருக்கே அர்த்தமில்லாமல் போகும் என்று பேர்ட் 1985-இல் ஒரு தடுப்பைக் கொண்டுவந்தார். தற்காலிகமாகத் தொடங்கி, நீட்டிக்கப்பட்டு, 1990-இல் பட்ஜெட் சட்டத்தின் 313-ஆம் பிரிவாக நிரந்தரமானது.

மசோதாவில் எழுதப்பட்ட ஒரு வரி (வாசகத்தைச் சொல்கிறேன், கட்டும் வரியை அல்ல) ஆறு காரணங்களில் எதிலாவது சிக்கினால் 'சம்பந்தமற்றது' ஆகிவிடும். அரசின் வரவையோ செலவையோ மாற்றாத வரி. குழு தனக்கு இடப்பட்ட இலக்கை எட்டாத நிலையில் பற்றாக்குறையைக் கூட்டும் வரி. அந்தக் குழுவின் அதிகார எல்லைக்கு வெளியே உள்ள வரி. பண விளைவு இருந்தாலும் அது வெறும் பக்கவிளைவாக இருக்கும் வரி. பட்ஜெட் காலத்துக்கு அப்பால், பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு அப்பால், பற்றாக்குறையைக் கூட்டும் வரி. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத் திட்டத்தைத் தொடும் வரி. இவற்றில் சண்டை மூள்வது பெரும்பாலும் நான்காவதிலும் ஐந்தாவதிலும்தான்.

இது எப்படி நடக்கிறது? முதலில் இரு சபைகளும் ஒரு பட்ஜெட் தீர்மானம் போட்டு, இந்தக் குழு இத்தனை பில்லியன் மிச்சம் பிடிக்க வேண்டும், அந்தக் குழு இத்தனை வரை செலவிடலாம் என்று தொகை குறித்துக் கட்டளையிடும். குழுக்கள் வரைவு தயாரிக்கும். பிறகு மூடிய அறைக்குள் இரு கட்சி ஊழியர்களும் செனட்டின் விதி ஆலோசகரான பார்லிமென்டேரியன் முன் அமர்ந்து வரிவரியாக வாதாடுவார்கள். பறவைக் குளியல் தொட்டியை ஆங்கிலத்தில் 'பேர்ட் பாத்' என்பதை வைத்து இதற்கும் 'பேர்ட் பாத்' என்று கேலிப் பெயர். அங்கே தோற்கும் வரியைப் பெரும்பாலும் கட்சியே சத்தமில்லாமல் எடுத்துவிடும் அல்லது மாற்றி எழுதும். எடுக்காமல் விட்டால், சபையில் எந்த செனட்டரும் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம். தலைமை தாங்குபவர் ஆலோசகர் சொன்னபடி தீர்ப்பளிப்பார். தீர்ப்பு எதிராகப் போனால் விழுவது அந்த வரி மட்டும், மசோதா நிற்கும். அந்த வரியைக் காப்பாற்ற 60 வாக்கு வேண்டும்.

பலரும் தவறவிடும் ஒரு விஷயம்: இந்த விதி தானாக இயங்காது. யாரும் எழுந்து கேட்கவில்லையென்றால் எவ்வளவு சம்பந்தமற்ற வரியும் சட்டமாகிவிடும்.

பலிகளைப் பார்த்தால் விதியின் பலம் தெரியும். 2021-இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கும் ஏற்பாடு விழுந்தது. அதனால் பத்தாண்டுகளில் பற்றாக்குறை 54 பில்லியன் டாலர் கூடும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகமே கணக்கிட்டிருந்தது. பண விளைவு பெரிதுதானே என்பது ஆதரவாளர்களின் வாதம். அது பக்கவிளைவு, நோக்கம் கூலிக் கொள்கை என்று ஆலோசகர் எலிசபெத் மெக்டோனா சொல்லிவிட்டார். 2022-இல் தனியார் காப்பீட்டில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பு வைக்கும் வரியைக் காப்பாற்ற 57 பேர் வாக்களித்தும் மூன்று வாக்கு போதவில்லை. 2010-இல் ஒபாமாவின் மருத்துவச் சீர்திருத்தத்தோடு வந்த துணை மசோதாவில் மாணவர் உதவித்தொகை தொடர்பான இரண்டு சின்ன வரிகள் சிக்கின. அவற்றை நீக்கியதால் மசோதா மாறிப்போய், பிரதிநிதிகள் சபை மறுபடி வாக்களிக்க வேண்டியதாயிற்று. வேடிக்கையான பலி 2017-இல் நடந்தது: டிரம்பின் வரிக் குறைப்பு மசோதாவின் பெயரே விழுந்தது. பெயருக்கு வரவு செலவு கிடையாதல்லவா? 2025-இல் மறுபடி ஒரு பெயர் அதே விதத்தில் போனது.

வரிக் குறைப்புகளுக்குக் காலாவதித் தேதி இருப்பதும் இந்த ஐந்தாவது காரணத்தால்தான். 2001-இல் ஜார்ஜ் புஷ்ஷின் குறைப்புகள் 2010 டிசம்பர் 31-ஓடு முடியும்படி எழுதப்பட்டன. 2017 சட்டத்தில் நிறுவன வரி 21 சதவீதம் நிரந்தரம், தனிநபர் குறைப்புகளில் பெரும்பாலானவை 2025 முடிவு வரை மட்டும். விதியை உடைக்காமல் அதைச் சுற்றிப் போகும் வழி 2025-இல் வந்தது. நடப்பில் இருக்கும் குறைந்த வரியையே அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட்டால், அதை நீட்டிப்பதற்குச் செலவே இல்லை என்று செனட் பட்ஜெட் குழுத் தலைவர் லிண்ட்சே கிரஹாம் முடிவெடுத்தார். அளவுகோலையே மாற்றியதால் ஐந்தாவது தடுப்பு வேலை செய்யவில்லை. பேர்ட் இருந்திருந்தால் மணிக்கணக்கில் கத்தியிருப்பார் என்றே நினைக்கிறேன். 1993-இல் சொந்தக் கட்சி அதிபர் கிளிண்டனின் மருத்துவத் திட்டத்தை ரீகன்சிலியேஷன் வழியே கொண்டுபோக வேண்டும் என்று எல்லோரும் கெஞ்சியபோதும் மறுத்தவர் அவர். அந்தத் திட்டம் அடுத்த ஆண்டே செத்தது.

இதை வைத்து அவரை விதிகளின் புனிதக் காவலராக்கிவிட முடியாது. கட்சியை நடத்த வேண்டிய பொறுப்பு வந்தபோது அவரும் விதியை வளைத்தார். 1970-களின் தொடக்கத்தில் அப்போதைய பெரும்பான்மைத் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்டுடன் சேர்ந்து 'இரட்டைத் தடம்' முறையை வழக்கமாக்கினார். ஒரு மசோதா ஃபிலிபஸ்டரில் மாட்டினால் அதை ஓரமாக வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கும் ஏற்பாடு இது. சபை முடங்காமல் இருக்க நல்ல யோசனைதான். ஆனால் தடுப்பவர் விடிய விடிய நின்று பேச வேண்டிய கட்டாயம் இதனால் போயிற்று. தடுப்பது மலிவானதும் தடுப்புகள் பெருகின. 60 என்ற எண் 1975-இல் வந்தது. ஆனால் அது இன்று எல்லா மசோதாவுக்கும் தேவைப்படுவதற்குப் பாதிக் காரணம் இந்த ஏற்பாடுதான் என்பது என் கணிப்பு.

1977-இல் இயற்கை எரிவாயு மசோதாவை இரண்டு ஜனநாயகக் கட்சி செனட்டர்களே திருத்தத்துக்கு மேல் திருத்தம் கொடுத்து இழுத்தடித்தார்கள். துணை அதிபர் மான்டேல் தலைமை இருக்கையில் அமர்ந்துகொள்ள, பேர்ட் ஒவ்வொரு திருத்தமாக எழுப்ப, மான்டேல் அவற்றை வரிசையாக விதிமீறல் என்று தள்ளினார். 1980-இல் ஒரு நியமனத்தை நேரடியாக எடுத்துக்கொள்ளும் தீர்மானத்துக்கு விவாதமே கிடையாது என்ற முன்னுதாரணத்தைச் சாதாரணப் பெரும்பான்மையால் ஏற்படுத்தினார். 2005-இல் குடியரசுக் கட்சியினர் நீதிபதி நியமனங்களில் ஃபிலிபஸ்டரை ஒழிக்கப் பார்த்தபோது சுட்டிக்காட்டியது இந்த பேர்ட் முன்னுதாரணங்களைத்தான். பேர்ட் அதைக் கடுமையாக மறுத்து, இரு கட்சிகளின் 14 செனட்டர்கள் செய்த சமரசத்தில் சேர்ந்தார். அவர் இறந்த மூன்றே ஆண்டுகளில், 2013 நவம்பரில், அவர் கட்சியே அந்த வேலையைச் செய்தது.

1988 பிப்ரவரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தேர்தல் நிதிச் சட்டத்துக்கான விவாதம் விடிய விடிய இழுத்தது. கோரம், அதாவது சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, சேராமல் இருக்க குடியரசுக் கட்சியினர் சபையை விட்டு மறைந்தார்கள். வராத செனட்டர்களைக் கைது செய்து கொண்டுவர பேர்ட் தீர்மானம் போட்டார். சபைக் காவல் அதிகாரி போலீசாருடன் ராபர்ட் பேக்வுட் அறைக்குப் போனபோது அவர் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்திருந்தார். தள்ளித் திறந்து, கால்கள் முன்னே வர அவரைச் சபைக்குள் தூக்கி வந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் விவாதத்தை முடிக்கும் எட்டாவது தீர்மானமும் தோற்றது. மசோதா போனது. விதியைத் தெரிந்திருப்பது வேறு, வாக்கு இருப்பது வேறு.

1989-இல் தலைமைப் பதவியை விட்டு நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவரானார். ஐந்து ஆண்டுகளில் மேற்கு வர்ஜீனியாவுக்கு 100 கோடி டாலர் கொண்டுவருவேன் என்றார். அதற்கு முன்பே எட்டிவிட்டார். எஃப்பிஐயின் கைரேகைப் பிரிவு வாஷிங்டனிலிருந்து கிளார்க்ஸ்பர்குக்கு வந்தது இப்படித்தான். கிரீன் பேங்கில் 90 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி 1988 நவம்பர் 15 இரவில் இரும்புத் தகடு ஒன்று முறிந்து தானாகவே சரிந்தது. அதற்குப் பதிலாகப் பணம் வாங்கி எழுப்பப்பட்ட 100-க்கு 110 மீட்டர் தொலைநோக்கி 2000-இல் திறக்கப்பட்டது; அதற்கு அவர் பெயர். எல்லாத் திசையிலும் திருப்பக்கூடிய ரேடியோ தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியது அது. பணம் வீணாகவில்லை. சிஐஏ அலுவலகங்களை மேற்கு வர்ஜீனியாவுக்கு நகர்த்தும் முயற்சி மட்டும் 1991-இல் பலிக்கவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட சாலை, பாலம், கட்டடங்களில் அவர் பெயர் உண்டு. வீண்செலவை எதிர்க்கும் அமைப்புகள் அவரை வறுத்தெடுத்தன, அவர் வெட்கப்படவில்லை. மாநிலம் இன்றும் ஏழை மாநிலங்களில் ஒன்றாகவே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசு அலுவலகம் வந்த ஊர் பிழைத்தது; சுரங்கம் மூடிய பள்ளத்தாக்கு பிழைக்கவில்லை. வேலை இழக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இழப்பீடு கேட்டு 1990 தூய காற்றுச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் ஒரே வாக்கில் தோற்றது. 1997-இல் குடியரசுக் கட்சி செனட்டர் சக் ஹேகலுடன் அவர் கொண்டுவந்த தீர்மானம், வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத தட்பவெப்ப ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்திடக் கூடாது என்றது. 95–0 என்று நிறைவேறியது. கியோட்டோ ஒப்பந்தம் செனட்டின் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

இந்தியாவைத் தொட்ட ஒன்றும் உண்டு. குறைந்த விலைக்குப் பொருளை இறக்கும் வெளிநாட்டார் மீது விதிக்கும் தண்டத் தீர்வையை, புகார் செய்த அமெரிக்க நிறுவனங்களுக்கே பகிர்ந்து கொடுக்கும் சட்டத்தை 2000-இல் ஒரு வேளாண் ஒதுக்கீட்டு மசோதாவில், இரு சபைகளின் இறுதிப் பேச்சுவார்த்தைக் கட்டத்தில் செருகிவிட்டார். பட்ஜெட் மசோதாவில் சம்பந்தமற்றதைச் செருகக் கூடாது என்று விதி போட்ட அதே மனிதர்! இந்தியா, ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம் உட்பட 11 தரப்புகள் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2003-இல் அமெரிக்கா தோற்றது. 2006-இல் சட்டம் ரத்தானது. 2005-இல் இந்திய இறால் மீது தீர்வை விழுந்தபோது, அந்தப் பணம் அமெரிக்க இறால்காரர்கள் கைக்கே போகும் நிலை இருந்தது இதனால்தான்.

நிறவெறிக் கணக்கைப் பூசி மெழுக முடியாது. 1940-களின் தொடக்கத்தில் கூ க்ளக்ஸ் கிளானில் சேர்ந்தார். சேர்ந்தது மட்டுமல்ல, சுமார் 150 பேரைச் சேர்த்து உள்ளூர்க் கிளைக்குத் தலைவரானார். சீக்கிரமே விலகிவிட்டதாகப் பின்னாளில் சொன்னாலும், 1946-இல்கூட கிளானை மாநிலம்தோறும் வளர்க்க வேண்டும் என்று அதன் தலைமைக்குக் கடிதம் எழுதியவர். கறுப்பர்களுக்குச் சம உரிமை தரும் 1964 குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து 14 மணி 13 நிமிடம் பேசினார். ஜூன் 10 காலையில் அவர் முடித்த பிறகு 71–29 என்று விவாதம் முடித்துவைக்கப்பட்டது. குடிமை உரிமை மசோதா ஒன்றில் செனட் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. 1965 வாக்குரிமைச் சட்டத்தையும், 1967-இல் முதல் கறுப்பின உச்ச நீதிமன்ற நீதிபதி தர்குட் மார்ஷலையும் எதிர்த்தார். மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1968 வீட்டுவசதிச் சட்டத்துக்கு ஆதரவு, 1983-இல் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறைக்கு ஆதரவு, வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப மன்னிப்பு. நடுவே 2001-இல் தொலைக்காட்சியில் ஓர் இழிசொல்லைப் பயன்படுத்தி மறுபடி மன்னிப்பு. 2008 மே மாதம், சொந்த மாநிலம் முதற்கட்டத் தேர்தலில் ஒபாமாவைப் பெரும் வித்தியாசத்தில் நிராகரித்த சில நாட்களிலேயே, ஒபாமாவை ஆதரித்தார். அவர் மனம் மாறியது உண்மை என்றே கருதுகிறேன். ஆனால் 1964-இல் அவர் தடுக்க நின்றது யாருடைய உரிமையை என்பது அதனால் அழியாது.

நிர்வாகத்தின் கையை நாடாளுமன்றம் கட்ட வேண்டும் என்பதில் மட்டும் அவர் கட்சி பார்க்கவில்லை. செலவுச் சட்டத்தில் வேண்டாத வரியை மட்டும் அதிபர் அடிக்கலாம் என்ற அதிகாரத்தை எதிர்த்து, 1993-இல் ரோம செனட்டின் வரலாற்றை வைத்துப் 14 உரைகள் ஆற்றினார். 1996-இல் சட்டம் வந்தது. அவர் தொடுத்த வழக்கை, உங்களுக்கு நேரடிப் பாதிப்பு இல்லை என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அடுத்த ஆண்டு நியூயார்க் நகரம் தொடுத்த வழக்கில் அதே சட்டம் 6–3 என்று செல்லாமல் போனது. 1964-இல் வியட்நாம் போருக்கு வழிவிட்ட டோங்கின் வளைகுடாத் தீர்மானத்துக்குக் கையைத் தூக்கியவர், 2002 அக்டோபரில் இராக் போருக்கு அனுமதி தர மறுத்த 23 செனட்டர்களில் ஒருவர். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் அரசியலமைப்புப் புத்தகத்தை எடுத்து ஆட்டிக்கொண்டே பேசுவார்.

2009 டிசம்பர் 24 அன்று 92 வயதில் சக்கர நாற்காலியில் வந்து, என் நண்பர் கென்னடிக்காக என்று சொல்லி மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்கு வாக்களித்தார். 1971-இல் அவர் வீழ்த்திய அதே கென்னடி. சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். அன்று வாக்கு 60–39.

அந்த இருக்கையில் அடுத்து வென்று வந்தவர் ஜோ மன்சின். 2022 ஜனவரியில் வாக்குரிமை மசோதாவுக்காக ஃபிலிபஸ்டரைத் தளர்த்த ஜனநாயகக் கட்சி முயன்றபோது, பேர்டின் பெயரை அடிக்கடி சொல்லிவந்த மன்சின் எதிர்த்து வாக்களித்தார். முயற்சி 48–52 என்று தோற்றது. தன் 55 மாவட்டங்களையும் பேர்டுக்கு அள்ளிக் கொடுத்த மாநிலம், 2024-இல் அந்த இருக்கையைக் குடியரசுக் கட்சியின் ஜிம் ஜஸ்டிஸிடம் கொடுத்தது.